63 ஆயிரத்துக்கும் ஒண்டு, 27 ஆயிரத்துக்கும் ஒண்டா? யாழ். மாவட்ட ஆசனக் கணக்கு

கோண்டாவில்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். 2024 நவம்பர் 14தான் நான் முதல் முதல் வாக்குப் போட்ட பாராளுமன்றத் தேர்தல். முடிவு வந்த நாளில இருந்து ஒரு விசயம் மண்டையைக் குடையுது. எங்கட மாவட்டத்தில வீட்டுச் சின்னத்துக்கு (தமிழரசுக் கட்சி) 63,327 வாக்கு, ஒரு ஆசனம். ஊசிச் சின்னத்துக்கு (ஒரு சுயேச்சைக் குழு) 27,855 வாக்கு, அதுக்கும் ஒரு ஆசனம். திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) 80,830 எடுத்து மூண்டு ஆசனம் கொண்டு போச்சு. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில பதினேழாயிரத்துச் சொச்சம் வாக்குத்தான், ஆசனத்தில பார்த்தால் மூண்டு மடங்கு. கட்சிப் பொடியளிட்டைக் கேட்டால் "விகிதாசாரமடா" எண்டு சொல்லிப்போட்டுப் போறாங்கள். விகிதாசாரமெண்டால் வாக்கு வீதத்துக்கு ஏற்ப எல்லோ வரவேணும்?

ஆருக்குப் போட்டனான் எண்டு கேக்காதேங்கோ. கணக்கை மட்டும் சொல்லுங்கோ.

வடமராட்சி வல்லூறு:
தம்பி, உதுக்குத்தான் பழைய தொகுதி முறை நல்லது எண்டு கத்திக்கொண்டிருக்கிறம். தொகுதிக்கு ஒரு ஆள், கூட வாக்கெடுத்தவர் எம்.பி. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஜே.ஆர். ஜெயவர்த்தன ஜனாதிபதியா இருந்து கொண்டுவந்த இந்தக் கணக்கை வாக்குப் போட்டவனும் அறியான், வெண்டவனும் அறியான்.

கணக்கன்:
வல்லூறு அண்ணை, அவசரப்படாதேங்கோ. தம்பி கேட்டதுக்கு முதல் பதில் சொல்லுவம். நான் அரச வேலையில இருந்த காலத்தில தேர்தல் கடமைக்கு யாழ். மத்திய கல்லூரிக்குப் போய் விடிய விடிய இருந்தவன், இந்தப் பெருக்கல் பிரித்தல் பழகின விசயம்.

கவனமாப் பாருங்கோ தம்பி. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டமெண்டால் யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்தது. ஊர்காவற்றுறை தொடங்கிக் கிளிநொச்சி மட்டும் 11 வாக்கெடுப்புப் பிரிவு. ஆனால் பிரிவு பிரிவா ஆரும் வெல்லிறதில்லை, எல்லாத்தையும் ஒரு சாக்கில கொட்டித்தான் பங்கு. 2024இல பங்குக்கு இருந்தது 6 ஆசனம்.

செல்லுபடியான வாக்கு 325,312. அதில 5 வீதமெண்டால் 16,266. அதைத் தொடாத கட்சி, சுயேச்சைக் குழு எல்லாத்தையும் முதலில வெட்டுவினம். மிஞ்சினது ஆறு: திசைகாட்டி 80,830, வீடு 63,327, சைக்கிள் (தமிழ்க் காங்கிரஸ்) 27,986, ஊசி 27,855, சங்கு (ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி) 22,513, வீணை (ஈ.பி.டி.பி.) 17,730. கூட்டினால் 240,241.

இப்ப முதலாவதா வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அது திசைகாட்டிக்குப் போகுது. மிச்சம் 5 ஆசனம். 240,241ஐ 5ஆல பிரிச்சு, தசமத்தை மேல தூக்கினால் 48,049. ஒரு ஆசனத்தின்ர விலை அது. திசைகாட்டி ஒண்டு வாங்கும், கையில மீதி 32,781. வீடு ஒண்டு வாங்கும், மீதி 15,278. மற்ற நாலு பேருக்கும் அந்த விலைக்கு வாங்க வக்கில்லை, முழு வாக்கும் மீதிதான். இன்னும் மூண்டு ஆசனம் கிடக்கு, அது பெரிய மீதிக்காரருக்கு: திசைகாட்டி 32,781, சைக்கிள் 27,986, ஊசி 27,855. முடிஞ்சுது. சங்குக்கு 22,513 இருந்தும் ஒண்டுமில்லை. வீட்டின்ர மீதி சங்கை விடக் குறைவு, அதால இரண்டாவது ஆசனம் கிட்டவும் வரேல்லை.

ஊசிக்காரர் தன்ர ஆசனத்தை முழு விலை குடுத்து வாங்கேல்லை, மீதிக் கணக்கில வந்தது. வீடு முழு விலை குடுத்தது. அதுதான் உங்களுக்கு அநியாயம் மாதிரித் தெரியுது.

கோண்டாவில்காரன்:
ஐயா நன்றி, இவ்வளவு தெளிவா ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. அப்ப போனஸ் ஆசனம் இல்லாட்டி என்ன நடந்திருக்கும்?

கணக்கன்:
நல்ல கேள்வி. 240,241ஐ ஆறால பிரியுங்கோ, 40,041. திசைகாட்டி நேர இரண்டு வாங்கும், மீதி வெறும் 748. வீடு ஒண்டு வாங்கும், மீதி 23,286. மிச்ச மூண்டு: சைக்கிள், ஊசி, பிறகு வீட்டின்ர 23,286. சங்கு 22,513ஓட திரும்பவும் வாசலில நிக்கும். ஆக 2, 2, 1, 1. உங்கட மண்டைக் குடைச்சலுக்குக் காரணம் விகிதாசாரமில்லை, அந்தப் போனஸ்.

போனஸ் மாவட்டத்துக்கு ஒண்டு. கம்பஹாவில 19இல ஒண்டு போனால் ஒருத்தருக்கும் தெரியாது. எங்களுக்கு ஆறில ஒண்டு. திருகோணமலையில நாலில ஒண்டு!

தேம்ஸ்:
5 வீத வெட்டும் இல்லாட்டி? இஞ்ச லண்டனில குந்திக்கொண்டு நான் ஒரு கணக்குப் போட்டன். போனஸ் இருக்கட்டும், வெட்டு வேண்டாம். 325,312ஐ 5ஆல பிரிச்சால் 65,063. திசைகாட்டி போனஸோட இரண்டு எடுக்கும், மீதி 15,767. வீடு 63,327இலயே விலைக்குக் கீழ நிண்டு மீதிக் கணக்கில ஒண்டு எடுக்கும். அடுத்தது சைக்கிள், ஊசி, சங்கு. அதாவது சங்குக்கு ஒரு எம்.பி. வந்திருப்பார், திசைகாட்டிக்கு மூண்டாவது இல்லை. சரியோ கணக்கன் ஐயா?

கணக்கன்:
நூற்றுக்கு நூறு சரி.

அதோட ஒரு விசயம் கவனிச்சியளோ தெரியாது. 325,312இல இருந்து 240,241ஐக் கழியுங்கோ. 85,071. வெட்டுக்குள்ள விழுந்து ஒரு கணக்குக்கும் எடுக்காத வாக்கு அது. முதலாவதா வந்த கட்சி எடுத்ததே 80,830. அப்ப 2024இல யாழ்ப்பாணத்தில முதலாம் இடம் ஆருக்கு?

அதுக்கு மேல நிராகரிச்ச வாக்கு 30 ஆயிரத்துக்கு மேல. மூண்டாவதா வந்த கட்சிக்குக்கூட அவ்வளவு விழேல்லை.

வடமராட்சி வல்லூறு:
நிராகரிக்காமல் என்ன செய்யிறது? 6 ஆசனத்துக்கு 44 அணி, 396 வேட்பாளர். வாக்குச் சீட்டை விரிச்சால் பாய் மாதிரி. எங்கட அம்மம்மா மடிக்கத் தெரியாமல் அந்தரப்பட்டவ. சின்னத்தைத் தேடிப் புள்ளடி (X) போடவேணும், பிறகு கீழ 1இல இருந்து 9 வரைக்கும் வேட்பாளர் இலக்கம், அதில மூண்டு பேருக்கு விருப்பு வாக்கு. இதில பக்கத்துப் பெட்டிக்கும் ஒரு புள்ளடி விழுந்தால் வாக்குச் செத்துது.

கணக்கன்:
உண்மைதான் அண்ணை. இரண்டு சின்னத்துக்குப் போட்ட சீட்டுத்தான் கூட வரும். ஒண்டு சொல்ல வேணும், மூண்டு பேருக்கு மேல விருப்பு வாக்குப் போட்டால் கட்சி வாக்குச் சாகாது, விருப்பு வாக்கு மட்டும்தான் போகும். இது கனபேருக்குத் தெரியாது. பிழைச்சுப் போடுமெண்டு பயந்து விருப்பு வாக்கே போடாமல் வாற ஆக்கள் இருக்கினம். அதால நட்டம் அவைக்குத்தான், கட்சிப் பட்டியலில இருந்து ஆர் பாராளுமன்றம் போறது எண்டதை மற்ற ஆக்கள் தீர்மானிப்பினம்.

வைகைக்கரை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் மதுரைப் பக்கம். உங்கள் விவாதத்தை ஆர்வமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு 234 தொகுதி, தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ., நாடாளுமன்றத்துக்கு 39 பேர். 'உங்க எம்.பி. யாரு'ன்னு கேட்டால் பெயரைச் சொல்லிவிடுவோம், திட்டுவதற்கும் ஆள் இருக்கும். உங்கள் ஊரில் கோண்டாவில்காரருடைய எம்.பி. யார்?

கோண்டாவில்காரன்:
அண்ணா, ஆறு பேரும் எனக்கு எம்.பி.தான். ஆறு பேரில ஒருத்தரும் எனக்கு எம்.பி. இல்லை எண்டும் சொல்லலாம் 😂

வடமராட்சி வல்லூறு:
சரியாப் பிடிச்சார் வைகைக்கரை! இதைத்தான் நான் சொல்ல வந்தது. 1977இல பருத்தித்துறைக்கு ஒரு எம்.பி., உடுப்பிட்டிக்கு ஒரு எம்.பி., கோப்பாய்க்கு ஒரு எம்.பி. ரோட்டுப் பழுதெண்டால், பொடியனுக்கு ஒரு கடிதம் வேணுமெண்டால் எந்தப் படலையைத் தட்டுறதெண்டு சனத்துக்குத் தெரியும். இப்ப ஆரிட்டைப் போறது? ஒருத்தரிட்டைப் போனால் "அது அவற்ற ஏரியா" எண்டுவார், மற்றவர் "நாங்கள் எதிர்க்கட்சி" எண்டுவார். கிளிநொச்சியில இருந்து ஊர்காவற்றுறை வரைக்கும் ஒருத்தர் எப்பிடி ஓடித் திரியிறது? காசுள்ளவன்தான் ஓடலாம்.

விருப்பு வாக்கெண்டு ஒண்டைக் கொண்டுவந்தாங்கள், அதுக்குப் பிறகு எதிரி வெளியில இல்லை, ஒரே பட்டியலுக்குள்ளதான். ஒரே சின்னத்தில கேக்கிற ஆக்கள் ஒருத்தற்ற போஸ்டரை ஒருத்தர் கிழிக்கிறாங்கள். 2020இல மத்திய கல்லூரியில விருப்பு வாக்கு எண்ணேக்க நடந்த கூத்து மறந்து போச்சோ?

தேம்ஸ்:
அண்ணை, 77ஐப் பற்றிச் சொல்லேக்க முழுக்கச் சொல்லுங்கோவன். ஐக்கிய தேசியக் கட்சி 50.9 வீதம் எடுத்து 168இல 140 ஆசனம். சரியா ஆறில ஐந்து! சுதந்திரக் கட்சி கிட்டத்தட்ட 30 வீதம் எடுத்து 8 ஆசனம். தமிழர் விடுதலைக் கூட்டணி 6.4 வீதத்தோட 18 ஆசனம் எடுத்து எதிர்க்கட்சித் தலைவர் பதவி. அந்த ஆறில ஐந்தை வைச்சுத்தானே ஜே.ஆர். அடுத்த வருசமே அரசியல் யாப்பை மாத்தினவர்? உங்கட தொகுதி முறை பெத்த பிள்ளைதான் இந்த விகிதாசாரம்.

வடமராட்சி வல்லூறு:
தெற்கில அப்பிடி நடந்ததுக்கு நாங்கள் என்ன செய்யிறது? வடக்கில 14 தொகுதி, 14உம் கூட்டணி. யாழ்ப்பாணத்துக்கு மட்டும் 11 எம்.பி. இப்ப 6. எது நல்லது எண்டு நீரே சொல்லும்.

கணக்கன்:
அண்ணை, இந்த இடத்திலதான் நாங்கள் எல்லாரும் சறுக்கிறது. 77இல சனம் ஒரே பக்கம் நிண்டது. அப்பிடி நிண்டால் எந்த முறையிலயும் வெல்லலாம். 2024இல நிலைமை அதுவோ? திசைகாட்டி எடுத்தது 24.85 வீதம். ஆனால் பிரிவு பிரிவா வந்த முடிவை எடுத்துப் பாருங்கோ, கிளிநொச்சி மாதிரி ஒண்டை விட்டால் பெரும்பாலான பிரிவில முதலிடம் திசைகாட்டிதான். நீங்கள் கேக்கிற தொகுதி முறை இருந்திருந்தால், நாலில ஒரு பங்கு வாக்கோட அவை முழு மாவட்டத்தையும் ஏறத்தாழ வழிச்சுத் துடைச்சிருப்பினம். வீடு ஒண்டிரண்டு. சைக்கிள், ஊசி, சங்கு எல்லாருக்கும் பூச்சியம்.

திசைகாட்டி வந்தது நல்லதோ கூடாததோ, அது வேற கதை. நாளைக்கு எந்தச் சின்னமும் அந்த இடத்தில இருக்கலாம். 75 வீதமான சனம் வேற வேற ஆக்களுக்குப் போட்டிருக்கேக்க ஒருத்தர் எல்லாத்தையும் அள்ளிற முறையைத்தான் நீங்கள் நல்லது எண்டுறியள்.

வைகைக்கரை:
எங்கள் ஊரில் ஒவ்வொரு முறையும் அதுதான் நடக்கிறது ஐயா. மும்முனைப் போட்டியில் 35 சதவீதத்தில் ஜெயிப்பவர்களை நாங்கள் கண்டுகொள்வதுகூட இல்லை.

வடமராட்சி வல்லூறு:
தொகுதி முறை வந்தால் தமிழ்க் கட்சியள் ஒண்டாச் சேர்ந்து நிப்பினம். முறைதான் பிரிவினையை வளர்த்தது. 5 வீதம் எடுத்தால் ஒரு ஆசனம் கிடைக்கும் எண்ட ஆசையிலதானே ஆளுக்கொரு சின்னத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள்?

கணக்கன்:
இதில உங்கட பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கு, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் சேர்ந்து நிண்டால் லாபமெண்டது இந்த முறையிலயும் இருக்கு. வீட்டையும் சங்கையும் கூட்டுங்கோ: 85,840. திசைகாட்டியை விட 5 ஆயிரம் கூட. போனஸ் இஞ்சால வரும். விலை அதே 48,049. கூட்டுக்கு போனஸ் ஒண்டு, விலைக்கு ஒண்டு, மீதி 37,791. திசைகாட்டி விலைக்கு ஒண்டு, மீதி 32,781. மிச்ச மூண்டும் கூட்டு, திசைகாட்டி, சைக்கிள். முடிவு 3, 2, 1. ஊசி 131 வாக்கால வெளியில!

சேர்ந்தால் வாக்கு அப்பிடியே சேருமெண்டு நான் சொல்லேல்லை. வீட்டில கோவிச்சுக்கொண்டு சங்குக்குப் போட்டவன் கூட்டுக்குப் போடுவானோ தெரியாது. காகிதக் கணக்கு எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் திருகோணமலையில வீடும் சங்கும் ஒரே பட்டியலில நிண்டு ஒரு ஆசனத்தைக் காப்பாத்தினவை தானே? நாலு ஆசனமுள்ள மாவட்டத்தில பிரிஞ்சு நிண்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

மீன்பாடும்தேன்:
மட்டக்களப்பை ஒருத்தரும் கதைக்கிறீங்க இல்ல. 5 ஆசனத்துல 3 வீட்டுக்கு. நாட்டுல 22 மாவட்டத்துல திசைகாட்டி முதலாவதா வராத ஒரே மாவட்டம் எங்கட. போனஸ் எங்கட பக்கம் வந்தா அது எவ்வளவு இனிக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும் 😄 அதால போனஸத் திட்டாதீங்க.

கொட்டகலை:
எல்லாரும் வடக்கு கிழக்கையே பேசுறீங்க, மலையகத்தையும் கொஞ்சம் பாருங்க. வல்லூறு ஐயா கேக்குற தொகுதி முறையில நாங்க அடிபட்ட கதை தெரியுமா? 1947ல நம்ம ஆளுங்க 7 பேர் பாராளுமன்றம் போனாங்க. 48லயும் 49லயும் சட்டம் போட்டு பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறிச்சாங்க. 1952ல ஒருத்தரும் இல்ல. அதுல பெரிய அநியாயம் என்னன்னா, ஆசனம் பிரிக்கிறப்போ தலைய எண்ணுவாங்க, அதுல தோட்டத்துச் சனமும் சேரும். ஓட்டுப் போட மட்டும் நாங்க இல்ல. எங்க தலைய எண்ணிக் கிடைச்ச ஆசனத்துல வேற யாரோ உக்காந்தாங்க.

1977ல தொண்டமான் ஐயா வந்தாரே, அதுவும் நுவரெலியா மஸ்கெலியா மூணு பேரைத் தெரிவு செய்யிற தொகுதியா இருந்ததாலதான். காமினி திசாநாயக்க முதலாவது, அநுர பண்டாரநாயக்க ரெண்டாவது, தொண்டமான் மூணாவது. ஒத்த ஆள் தொகுதியா இருந்திருந்தா? யோசிச்சுப் பாருங்க.

மாவட்ட முறை வந்த பிறகுதான் பதுளை, கண்டி மாதிரி எடத்துலயும் நம்ம ஆளு ஒருத்தர் ஜெயிக்க முடிஞ்சுது. அங்க எந்தத் தொகுதிய எடுத்தாலும் நாங்க சிறுபான்மைதான். மாவட்டம் முழுக்கச் சேர்த்தாதான் ஒரு ஆளுக்குத் தேவையான விருப்பு வாக்கு தேறும். 2024ல மலையகத்துல இருந்து மொத முறையா பொண்ணுங்க பாராளுமன்றம் போனாங்க, பதுளையில அம்பிகா சாமுவேல், நுவரெலியாவுல கிருஷ்ணன் கலைச்செல்வி. தொகுதிக்கு ஒரே ஒரு வேட்பாளர்னா எந்தக் கட்சி ஒரு தோட்டத்துப் பொண்ண நிறுத்தும்? அதனால தயவுசெஞ்சு இத மாத்தணும்னு யாரும் கெளம்பாதீங்க.

தேம்ஸ்:
கொட்டகலை, அருமையான பதிவு. இன்னொண்டும் சேர்க்கலாம். 78 யாப்பில முதல் இருந்த வெட்டு 5 வீதமில்லை, எட்டில ஒண்டு. 12.5 வீதம்! 88இல 15ஆவது திருத்தம்தான் அதை 5 ஆக்கினது. முஸ்லிம் காங்கிரஸ் அஷ்ரப் பிரேமதாசவிட்டைப் பேரம் பேசி எடுத்ததெண்டு சொல்லுவினம். பழைய வெட்டை 2024 யாழ்ப்பாணத்துக்குப் போட்டுப் பாருங்கோ, திசைகாட்டியும் வீடும் மட்டும்தான் மிஞ்சும். 85 ஆயிரம் வீணாப் போச்செண்டு கவலைப்படுறம், அப்ப ஒரு லட்சத்து 80 ஆயிரம் போயிருக்கும்.

அடங்காப்பற்று:
நான் வன்னி. எங்கட பக்கத்தை ஒருக்காப் பாருங்கோ. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூண்டும் சேர்ந்து ஒரு தேர்தல் மாவட்டம். 6 ஆசனத்தையும் 5 கட்சி பிரிச்சு எடுத்துது. வேட்பாளருக்குப் பேசாலையில காலமை கூட்டம், பின்னேரம் கொக்கிளாயில கூட்டம். நடுவில வவுனியா. டீசல் காசை ஆர் குடுக்கிறது? மூண்டு மாவட்டச் சனமும் தன்ர ஊர் ஆளுக்குத்தான் விருப்பு வாக்குப் போடும், அதால வாக்குக் குறைஞ்ச முல்லைத்தீவுக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சிடிதான்.

கலப்பு முறை எண்டு கனபேர் சொல்லுறாங்கள், பாதி தொகுதி பாதி விகிதாசாரம். உள்ளூராட்சியில பார்த்தம் தானே 2018இல. வட்டாரம் 60 வீதம், பட்டியல் 40 வீதம். உறுப்பினர் தொகை ஏறத்தாழ இரட்டிப்பாச்சு, நாற்காலி போட இடமில்லை, கனக்கச் சபையில ஒருத்தருக்கும் பெரும்பான்மை இல்லை. மாகாண சபைக்கும் அதையே கொண்டுவரப் போறம் எண்டு 2017இல சட்டம் போட்டு, எல்லை நிர்ணயம் செய்து, 2018 ஆகஸ்டில அறிக்கையைப் பாராளுமன்றத்தில வாக்கெடுப்புக்கு விட்டினம். ஆதரிச்சு ஒரு வாக்குக்கூட விழேல்லை! பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை. வட மாகாண சபை 2018 ஒக்டோபரில கலைஞ்சது கலைஞ்சதுதான். முறையை மாத்துவம் எண்டு தொடங்கினால் தேர்தலே காணாமல் போற நாடு இது.

வடமராட்சி வல்லூறு:
அடங்காப்பற்று சொல்லுறதில உண்மை இருக்கு, நானும் கலப்பைக் கேக்கேல்லை. ஆனால் ஒண்டு சொல்லுங்கோ. வன்னியில வாக்காளர் 3 லட்சத்துச் சொச்சம், 6 எம்.பி. யாழ்ப்பாணத்தில 5 லட்சத்து 93 ஆயிரம், எங்களுக்கும் 6. இது எந்த ஊர் நியாயம்?

அடங்காப்பற்று:
😂 எங்கட காட்டையும் குளத்தையும் ஆனையையும் எண்ணித் தந்தது அண்ணை.

கணக்கன்:
பகிடி எண்டாலும் பெரிய பிழையில்லை. 196 ஆசனம் எப்பிடிப் பிரியுது எண்டு சொல்லுறன். ஒவ்வொரு மாகாணத்துக்கும் சும்மா 4. ஒன்பது மாகாணம், 36. மிச்சம் 160ஐ வாக்காளர் தொகைக்கு ஏற்ப 22 மாவட்டத்துக்கும் பிரிக்கிறது. நாடு முழுக்க விழுந்த வாக்குக்கு ஏற்பக் கட்சியளுக்குக் குடுக்கிற தேசியப்பட்டியல் 29 இதுக்கு வெளியில, எல்லாம் சேர்த்து 225. வட மாகாணத்தின்ர 4இல மூண்டு வன்னிக்கும் ஒண்டு யாழ்ப்பாணத்துக்கும் போகுது. வன்னிக்கு வாக்காளர் கணக்கில 3, மாகாணக் கணக்கில 3. எங்களுக்கு 5உம் 1உம். சனம் குறைஞ்ச, பரந்த நிலத்துக்குக் குரல் வேணும் எண்டது அதில உள்ள நியாயம். பழைய சோல்பரி யாப்புக் காலத்தில ஆயிரம் சதுர மைலுக்கு ஒரு ஆசனம் கூடக் குடுத்தவை. அதின்ர மிச்ச சொச்சம்தான் இது. வடக்குக்கு மொத்தமா வருகிற 4இல குறைவு வரேல்லை, அதால வன்னியோட சண்டை பிடிக்கிறதில எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

உண்மையா ஆசனம் போனது வேற இடத்தால. 2010இல யாழ். மாவட்டத்துக்கு 9 ஆசனம், வாக்காளர் இடாப்பில 7 லட்சத்துக்கு மேல பெயர். பிறகு இடாப்பைத் திருத்தினவை, இல்லாத ஆக்களின்ர பெயர் வெட்டுப்பட்டுது. 2015இல 5 லட்சத்து 29 ஆயிரம், ஆசனம் 7. 2020இல 7. 2024இல 6.

இந்தக் கடைசி ஒண்டு எப்பிடிப் போச்சு எண்டு பாருங்கோ. நாட்டின்ர மொத்த வாக்காளர் 17,140,354. 160ஆல பிரிச்சால் 107,127. எங்கட 593,187இல அது 5 தரம் போகும், மீதி 57,552. மீதி பெரிய மாவட்டங்களுக்கு மிச்ச ஆசனம் போகும். அப்பிடிப் பங்கு போட இருந்தது 11 ஆசனம். 22 மாவட்டத்தையும் நான் இருந்து போட்டுப் பார்த்தன். பதினொராவதா உள்ள போனது கம்பஹா, மீதி 59,970. பன்னிரண்டாவதா வெளியில நிண்டது நாங்கள். இடைவெளி 2,418 பேர்.

கட்சியள் சேருறதோ, போனஸை எடுக்கிறதோ, யாப்பை மாத்திறதோ எல்லாம் பெரிய இடத்துக் கதை. ஏழாவது ஆசனம் போனது இரண்டாயிரத்து நானூறு பெயர் இடாப்பில இல்லாததால. ஒரு பெரிய கிராமத்தில 18 முடிஞ்ச பிள்ளையள் எல்லாம் பதிஞ்சிருந்தாலே சரி.

வடமராட்சி வல்லூறு:
2,418... இதை ஒரு கட்சிக்காரனும் மேடையில சொல்லக் கேட்டதில்லை.

தேம்ஸ்:
அப்ப நான் ஒண்டு கேக்கட்டோ, கோவிக்காதேங்கோ. வெளிநாட்டில இருக்கிற எங்கட பெயர்களை வீட்டுக்காரர் இடாப்பில வெட்டாமல் விட்டால் என்ன? அம்மா போன வருசமும் என்ர பெயரை எழுதப் பார்த்தவ, விதானையார் (கிராம சேவகர்) விடேல்லை. நாங்கள் வாக்குப் போட வரப்போறதில்லை, தொகை மட்டும் காட்டும்.

கணக்கன்:
விதானையார் செய்தது சரி. இடாப்பு அங்க வதியிற ஆக்களுக்கு. வெளிநாட்டில இருந்து வாக்குப் போட எங்கட சட்டத்தில வழியில்லை, அந்த உரிமையைக் கேக்கிறது வேற போராட்டம். இல்லாத ஆளின்ர பெயரை வைச்சிருந்தால் அந்தப் பெயருக்கு வேற ஆரும் போய்ப் புள்ளடி போடுற ஆபத்து இருக்கு. அந்தக் காலத்தில இஞ்ச நடக்காத விசயமோ? நான் கேக்கிறது இருக்கிற ஆக்களைப் பதியச் சொல்லி. கொழும்பில அறை எடுத்து வேலை செய்யிற பொடியள், கம்பஸில படிக்கிற பிள்ளையள், கலியாணம் கட்டி அடுத்த ஊருக்குப் போனவை. இவை இரண்டு இடத்திலயும் விடுபட்டுப் போறதுதான் கூட.

மீன்பாடும்தேன்:
எங்கட பக்கம் வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போய் வந்த பொம்புளையள் கனபேர் இப்பிடித்தான் விடுபட்டிருக்கினம். பெயர் வெட்டுப்பட்டது தேர்தலண்டுதான் தெரியும்.

கொட்டகலை:
தோட்டத்து லயத்துல (வரிசை வீடுங்கள்ல) இன்னும் மோசம். ஒரே விலாசத்துல நாப்பது குடும்பம். படிவம் யார் கைக்கு வந்துச்சு, யார் நிரப்புனாங்கன்னு யாருக்கும் தெரியாது.

கோண்டாவில்காரன்:
ஐயா, இப்ப தேர்தல் ஆணைக்குழுவின்ர இணையத்தளத்தில அடையாள அட்டை இலக்கம் போட்டுப் பார்த்தன். என்ர பெயர் இருக்கு, அம்மா அப்பா இருக்கினம். தங்கச்சிக்கு மார்கழியில 18 முடிஞ்சுது, அவளின்ர இல்லை. அடுத்த வருசம் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேணுமோ?

கணக்கன்:
தேவையில்லை தம்பி. முந்தி வருசத்துக்கு ஒருக்காத்தான், இப்ப இடையில 18 ஆகிறவைக்குக் குறைநிரப்பு இடாப்பு இருக்கு. விதானையாரிட்டைப் போய், வாக்காளர் பெயர் பதியிற பி.சி. படிவத்தில அவளின்ர பெயர் ஏறியிருக்கோ எண்டு முதல் கேளுங்கோ. ஏறாட்டி யாழ்ப்பாணக் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) தேர்தல் அலுவலகத்துக்கு அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டு போகச் சொல்லுங்கோ. கூட்டாளிப் பிள்ளையளையும் ஒருக்காக் கேக்கச் சொல்லுங்கோ.

கோண்டாவில்காரன்:
சரி ஐயா. விதானையார் திங்களும் வியாழனும் ஒபிஸில இருப்பார் எண்டு அம்மா சொல்லுறா, திங்கள் போறம்.